டிரை வெயிட் ஐம்பத்தெட்டு

என் சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை ராஜினாமா செய்தபோது எனக்கு வயது இருபத்தாறு. சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டன என்று அவற்றின் மேல் பழி போட முடியாது. ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றே கம்பெனி டாக்டர் என் ரத்த அழுத்தத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்தேன் சார்" என்றேன். மூன்று வருஷம் கழித்து வேறொரு டாக்டர் அதே மாதிரி முகம் சுளித்தபோது, கைவசம் எந்த பஸ்ஸும் இல்லை.

அதன் பிறகு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கம்பெனியில் முதல் ஷிஃப்ட் மதியம் இரண்டு மணிக்கு முடியும். மூன்று மணிக்கு மெஷின் பக்கத்தில் படுத்தால் ஏழு மணிக்கு எழுப்பிவிடுவார்கள். எங்கள் ஊர் கோவில்பட்டிக்கும் அப்பால். அங்கிருந்து டயாலிசிஸுக்குப் போவதென்றால் மூன்று பஸ் மாற வேண்டும், போய்ச் சேர்ந்தாலும் இடம் கிடைப்பது நிச்சயமில்லை. ஆகவே ஒரகடத்தில் நாலு பேர் வாடகைக்குத் தங்கியிருந்த ஒரு மாடி அறையில் என் பாய் விரிந்திருந்த ஆறடி இடத்தில்தான் என் உயிரும் குடியிருந்தது.

கம்பெனியில் எனக்குக் குவாலிட்டியில் வேலை. வருகிற உதிரி பாகத்தை அளப்பேன். சொன்ன அளவுக்குள் இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் சிவப்புச் சீட்டு. இந்தப் புத்திதான் என்னைக் கவிழ்த்தது.

டயாலிசிஸிலும் ஓர் அளவு உண்டு. டிரை வெயிட் என்பார்கள். சிறுநீராகப் போக வழியில்லாமல் உடம்பில் தேங்கிய தண்ணீரை எல்லாம் எடுத்த பிறகு நாம் இருக்க வேண்டிய எடை. எனக்கு ஐம்பத்தெட்டு கிலோ. மற்றவர்கள் மூன்று, நாலு கிலோ தண்ணீரைச் சுமந்து வந்து டெக்னீசியன் அண்ணனிடம் திட்டு வாங்குவார்கள். அந்தக் கோடையில் நான் மட்டும் ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டரை என்று வந்து நின்றேன்.

"எப்படி தம்பி? இந்த வெயில்ல தண்ணியே குடிக்கிறதில்லியா?"

"கட்டுப்பாடுண்ணே."

சொன்னதோடு விட்டேனா? ஐஸ் துண்டை எப்படிச் சப்ப வேண்டும், தாகத்தை எப்படி ஏமாற்ற வேண்டும் என்று பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு வகுப்பே எடுத்தேன். அவர்கள் எழுந்து ஓட முடியாது, கையில் ஊசி குத்தியிருந்தது.

சாயங்காலமானால் உடம்பு லேசாகக் காய்ந்தது. மெஷின் அசதி என்று அதற்கு பாஸ் போட்டேன். சோறு இறங்கவில்லை. ஹோட்டல்காரரைக் குறை சொன்னேன். கால் வீங்கியது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. எடைதான் சரியாக இருக்கிறதே, அப்புறம் என்ன? அறையில் என்னோடு தங்கியிருந்த எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரன் ஒருநாள் என் இடுப்பைப் பார்த்துவிட்டான்.

"எலே, இது எத்தனாவது ஓட்டை? பெல்ட்டு போடுதியா, புல்லாங்குழல் செய்யுதியா?"

கடைசியில் டெக்னீசியன் அண்ணன்தான் பிடித்தார். ஊசி போட ஒரு கையை நீட்டிவிட்டு, மறுகையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்தேன். கைக்கடிகாரம் சறுக்கிக்கொண்டு முழங்கைவரை போய் நின்றது. அவர் அதைப் பார்த்தார், எடை எழுதிய தாளைப் பார்த்தார், என் கணுக்காலை அழுத்தினார். குழி விழுந்தது.

"தம்பி, நீ தண்ணியக் கொறைக்கல. உன் சதை கொறஞ்சிருக்கு. அந்த எடத்துல தண்ணி நிக்குது. அதான் எடை அப்படியே இருக்கு."

பெட்டியை எடை போட்டுவிட்டு, உள்ளே சரக்குக்குப் பதிலாக என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்காமல் பாஸ் முத்திரை குத்துகிறவனை எங்கள் லைனில் மதியத்துக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நான் மூன்று மாதம் குத்தியிருந்தேன்.

தண்ணீரை எடுத்து மூச்சு சீரானதும் டாக்டர் என் கழுத்தைத் தடவினார். காலர் மறைவில் ஒரு கட்டி. சதை போடுகிறது என்று நான் பெருமையாக நினைத்திருந்த இடம். ஊசியால் எடுத்துச் சோதித்தார்கள். டிபி.

"எனக்கு இருமலே இல்லையே சார்?"

"இருமல் இருந்தே ஆகணும்னு இல்லப்பா. கிட்னி போனவங்களுக்கு எதிர்ப்புச் சக்தி கம்மி. டிபி மத்தவங்களைவிட சுலபமா வரும், எங்க வேணா வரும். உனக்கு நுரையீரல் சுத்தமா இருக்கு. கழுத்துல இருக்கறது மூச்சு வழியா யாருக்கும் போகாது. ஒண்ணு ஞாபகம் வச்சுக்க, மாத்திரைய டயாலிசிஸ் முடிஞ்சப்புறம் போடு. முன்னாடி போட்டா மெஷின் கழுவிடும்."

மாத்திரை அரசு சுகாதார நிலையத்தில் இலவசம். ஆனால் முகவரி தர வேண்டும், வந்து சரிபார்ப்பார்கள்.

"பொய் அட்ரஸ் குடுலே" என்றான் அறைக்காரன். "வீட்டுக்காரம்மாவுக்குத் தெரிஞ்சா பாயச் சுருட்டித் தெருவுல எறிஞ்சிரும்."

நியாயமான யோசனைதான். ஆனால் ஒருமுறை பஸ்மேல் பழி போட்டு என் கிட்னியைத் தொலைத்தவன் நான். என்னிடமிருந்தே நான் ஒளிந்துகொண்டது போதும் என்று தோன்றியது. உண்மையான முகவரியை, கதவு எண்ணோடு எழுதிக் கொடுத்தேன்.

ஒரு சாயங்காலம் சுகாதார ஊழியர் வந்தார். நல்ல பெண்மணி, குரல்தான் கொஞ்சம் பெரிசு. தெருவில் நின்றபடியே, "இங்க டிபி பேஷண்ட் யாரு?" என்று கேட்டார். அறையிலிருந்த நாலாவது ஆள் அப்போதே வாலாஜாபாத்தில் சித்தப்பா வீட்டுக்குக் கிளம்பினான். இன்றுவரை திரும்பவில்லை. அவன் விட்டுப்போன பச்சை வாளி நன்றாக உழைத்தது.

வீட்டுக்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பாதிப் படிவரை ஏறி நின்றார்.

"இன்னாபா இது? என் வூட்டாண்ட இந்த சீக்க வச்சிக்கினு கீற, ஒரு வார்த்த சொன்னியா?"

"எனக்கே இப்பதான்மா சொன்னாங்க."

"வாயத் தொறக்காத! ஞாயித்துக்கெழமைக்குள்ள காலி பண்ணு."

நான் எக்ஸ்ரே உறையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். நான் ஒரு படி இறங்க, அவர் ஒரு படி பின்வாங்க, இருவரும் அவர் வீட்டு ட்யூப்லைட் வரைக்கும் வந்து சேர்ந்தோம். படத்தை வெளிச்சத்தில் பிடித்தேன்.

"இதாம்மா என் நெஞ்சு. டிபி இங்க இல்ல, கழுத்துல. இது யாருக்கும் ஒட்டாது."

"நடுவுல இன்னா வெள்ளையா, பலாப்பழம் மாறி?"

"அது இதயம்மா."

"இம்மாம் பெருசா?"

"உங்க வூட்ல குடியிருக்கணும்னா வேணாமா?"

அவர் உதடு லேசாகத் துடித்தது. ஆனால் சிரிக்கவில்லை. "நக்கலுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. காலி பண்ணு."

"முடியாதும்மா."

அந்தக் குரல் யாருடையது என்று நானே திரும்பிப் பார்த்திருப்பேன்.

"ஊருக்குப் போனா எனக்கு மெஷின் இல்ல. மெஷின் இல்லன்னா பத்து நாள் தாங்க மாட்டேன். நீங்க பாயத் தெருவுல போட்டா தெருவுலயே படுத்துக்குவேன். போறவங்க வர்றவங்க கேப்பாங்க. எல்லாருக்கும் இந்தப் படத்தக் காட்டுவேன்."

"மெரட்றியா?"

"ஆமாம்மா."

சொன்ன வேகத்தில் படத்தைத் தலைகீழாக உறைக்குள் போட்டேன்.

நழுவப் பார்த்த சுகாதார ஊழியர் திரும்பி வந்தார். "டாக்டர் சரியாத்தான் சொல்லியிருக்காரும்மா, இவரால பயமில்ல. மாத்திரைய ஒழுங்கா முழுங்கணும், அவ்ளோதான். அதுவும் காலைல சென்டர்ல, என் கண்ணு முன்னாடி."

"காலைல வேலையில இருப்பேன். போட்டாலும் மெஷின் கழுவிடும். டயாலிசிஸ் முடிஞ்சு வீட்டுக்கு வர எட்டாயிடும்."

"எட்டுக்கு சென்டர் பூட்டியிருக்குமே." அவர் யோசித்தார். "பக்கத்துல பொறுப்பான ஆள் யாராவது நேர்ல பாத்து மாத்திரை கார்டுல டிக் போட்டாலும் சரிதான்."

என் அறைக்காரன் திடீரென்று வானத்தில் எதையோ ஆராயத் தொடங்கினான்.

"இவனுங்களா?" என்றார் வீட்டுக்காரம்மா. "முழுங்காமலே முழுங்கினேம்பானுங்க. என் வூட்ல கீற சீக்கு, நாந்தான் பாக்கணும். அந்த மாத்திரை டப்பாவ இப்டி குடும்மா."

ஞாயிற்றுக்கிழமையை அவர் மறந்துவிட்டார். நான் ஞாபகப்படுத்தவில்லை.

முதல் நாள், டயாலிசிஸ் முடிந்து எட்டு மணிக்குப் போய் வாசலில் நின்றேன். உள்ளே சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. விளம்பரம் வந்ததும் கூப்பிட்டார். ஏழு மாத்திரைகளை என் உள்ளங்கையில் எண்ணி வைத்து, ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினார். எனக்கு அரை டம்ளர்தான் அனுமதி என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அரை டம்ளர் ஊற்றினார்.

"ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போவுமாம். பயப்படக் கூடாதுன்னு அந்தம்மா சொல்லிச்சு."

"பயப்படுறதுக்கு மொதல்ல ஒண்ணுக்கு வரணுமேம்மா."

"சீ! முழுங்கு."

முழுங்கினேன்.

"வாயத் தொற. நாக்கத் தூக்கு."

தூக்கினேன். அத்தோடு, எவ்வளவு தூரம் நீட்ட முடியுமோ அவ்வளவு தூரம் நாக்கை வெளியே நீட்டி, விளம்பரம் முடியும் மட்டும் அப்படியே நின்றேன்.

"போதும், மூடு! ஆறு மாசம் இந்த மூஞ்சிய நான் பாக்கணுமா?"

"பாத்துத்தான் ஆவணும்மா. நான் காலி பண்றதா இல்ல."

அவர் கார்டைத் தூக்கிக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்து, ஒரு டிக் போட்டார்.