மீன் இருந்த இடத்தில் கட்டம்

மலேசியாவில், பீடோங்கில் நான் பேனர் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறேன். புதிதாகச் சாப்பாட்டுக் கடை திறக்கும் அண்ணன் ஒருவர், எல்லோரும் ‘நானா’ என்று கூப்பிடுபவர், பேனருக்கான வாசகத்தை நேற்று கைப்பேசியிலிருந்து அனுப்பினார். என் பழைய கணினியில் அதன் நடுவே வெறும் கட்டங்கள் தெரிந்தன. ஏதோ அலங்காரம் என்று நினைத்து அப்படியே அடித்துக் கொடுத்துவிட்டேன்.

இன்று காலை அழைத்தார்.

“தங்கச்சி, மீனு, எறாலு, மொளகான்னு எமோஜி போட்டு அனுப்புனேன். என் மீனு எங்கம்மா?”

பதறிப்போய் மோட்டார் சைக்கிளில் அவர் கடைக்கு ஓடினேன். அவர் திட்ட வாயெடுக்கும்போதே ஓர் அக்கா குறுக்கே வந்தார்.

“நானா, பேனர்ல பெட்டி போட்டிருக்கே, பெட்டியில கட்டிக் குடுக்குற பெட்டி சோறுதானே? எனக்கு மூணு குடுங்கலா.”

பின்னால் நின்றவர்களும் அதையே கேட்டார்கள்.

நானா என்னைப் பார்த்தார். பேனரைப் பார்த்தார். “ஆமா, பெட்டி சோறுதான்,” என்றார்.

மதியத்துக்குள் சோறு தீர்ந்துவிட்டது. உடனே இன்னொரு பேனர் கேட்கிறார். “மீனெல்லாம் வேணாம்மா. பெட்டி மட்டும் போடு.”

நானோ, காலையில் பட்ட பயத்தில் கடைக்கு வந்ததும் கணினியைப் புதுப்பித்துவிட்டேன். இப்போது மீன் செதிலோடு தெரிகிறது. கட்டம்தான் வரமாட்டேன் என்கிறது.

அதற்கு எந்த விசையை அழுத்த வேண்டும்? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள், நானா எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்.