மக்டலின் அக்காவின் கால் அங்குலம்

மக்டலின் அக்கா வேட்டைத் துவக்குக் குழலின் அடியை விளக்குப் புகையில் காட்டிக் கரியேற்றுகிறார். துவக்கின் உடலோடு பூட்டுகிறார், திறக்கிறார், மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்க்கிறார். கரி ஒரே சீராக அழிந்திருந்தால் குழலும் உடலும் பொருந்திவிட்டன. ஒரு பக்கம் மட்டும் அழிந்திருந்தால், "இன்னும் சம்பந்தம் சரிவரல்ல" என்று அரத்தை எடுப்பார். "ரெண்டும் ஒரே கொம்பனிதானே, மாட்டிவிடுங்க" என்று வேறு துவக்கின் குழலைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மட்டக்களப்பு வாவிக்கரையில் அனுமதிப்பத்திரத்தோடு துவக்குத் திருத்துகிற கடை அவருடையது. வயது ஐம்பத்திரண்டு. புதிதாக வருகிறவரின் கைகளைத்தான் முதலில் பார்ப்பார். "பத்து விரலும் இருக்கு. அப்ப தொடங்குவம்." ஞாயிறு பூசைக்குப் போகும்போதும் நகக்கண்ணில் கரி இருக்கும். "ஆண்டவருக்கு என்ட தொழில் தெரியும்" என்பார்.

போன வியாழக்கிழமை சித்தாண்டியிலிருந்து நல்லரத்தினம் வந்தார். கையில் அவரைவிட வயது கூடிய இரட்டைக்குழல். வெள்ளாமை வெட்ட இன்னும் ஒன்பது நாள். அதற்குள் இரண்டே இரவில் காட்டுப்பன்றிகள் வயலில் அரை ஏக்கரை உழுதுவிட்டன.

"புள்ள, தேஞ்ச ஸ்பிறிங்க மட்டும் மாத்தித் தா. தோட்டா புதுசு. போட்டுப் பாத்தன், வழுக்கிக்கொண்டு போகுது."

"போகும் அண்ணன். அதுதான் கரைச்சல்."

இந்தப் பழைய துவக்கில் தோட்டா இருக்கும் அறை இரண்டரை அங்குலம். புதுத் தோட்டா இரண்டே முக்கால். ஆனால் அதன் வாய் உள்ளே மடிந்திருப்பதால் குட்டையாகத் தெரியும், நல்ல பிள்ளையாக உள்ளே போகும். வெடிக்கும்போதுதான் மடிப்பு விரியும். விரிய இடமில்லாவிட்டால், அறை முடிந்து குழல் ஒடுங்கும் இடத்தை அடைக்கும்; அமுக்கம் ஏறிக் குழலே வெடிக்கலாம். அக்கா வெடித்த தோட்டா ஒன்றைப் புதியதன் பக்கத்தில் நிறுத்திக் காட்டினார். வெடித்தது நீளம்.

"பண்டிக்கு வச்ச வெடி உங்கட மூஞ்சியில வெடிச்சா என்ன செய்யிற?"

"ஒரு வெடிதானே கா! வெள்ளாமை போனா வருசம் முழுக்க என்னத்தத் தின்னுற?"

அக்கா நாட்காட்டியைப் பார்த்தார். அந்த மனிசன் சொல்வதும் நியாயம்தான். இரண்டரை அங்குலக் கட்டைத் தோட்டா திங்கட்கிழமைதான் வரும். நடுவில் நாலு ராத்திரி. துவக்கைக் கொடுத்தால் கண் போகலாம், கொடுக்காவிட்டால் வயல் போகும்.

அக்கா துவக்கை இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். நல்லரத்தினத்தின் முகம் தொங்கிவிட்டது. வெளியே போய் மோட்டார் சைக்கிளில் ஏறினார்.

அவர் அதை உதைப்பதற்குள் கடைக்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், பெரிய அலுமினியச் சட்டியும் அகப்பையுமாக அக்கா பின்சீற்றில் ஏறிக்கொண்டிருந்தார்.

"நடங்க அண்ணன். உங்கட பெண்சாதி சீதேவிப்பிள்ளை மச்சாளும் நானும் நாலு ராவும் வரம்பில நிண்டு சட்டி தட்டுறம். எந்தப் பண்டி வருது எண்டு பாப்பம்."

"விசரா புள்ள உனக்கு?" என்றார் நல்லரத்தினம். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது.

வண்டி சந்தி திரும்புமுன் அக்கா சட்டியில் ஓங்கி ஒன்று போட்டுப் பார்த்தார். மதிலில் இருந்த காகங்கள் அத்தனையும் எழும்பிப் பறந்தன.