மேட்டில் ஏறும் சைக்கிள்

எங்கள் அல்மாட்டியில் யாரும் வடக்கு, தெற்கு என்று வழி சொல்வதில்லை. மலைப் பக்கம் போனால் மேலே, எதிர்ப்பக்கம் போனால் கீழே, அவ்வளவுதான். டோலெகென் வீடு மேலே, ஒர்பிட்டாவில். அவரும் நானும் வேலை பார்க்கிற பல் செட் செய்யும் கூடம் கீழே, ரயிம்பெக் சாலைக்குப் பக்கத்தில். காலையில் அவர் வீட்டு வாசலில் ஒரு தர்பூசணியை உருட்டிவிட்டால் அதுவாகவே வேலைக்கு வந்து சேர்ந்துவிடும். சாயங்காலம் திரும்பிப் போவதுதான் பாடு.

என் பெயர் ரிஸ்வாங்குல். உய்குர்க்காரி, டோலெகென் கசாக்காரர். டோலெகெனுக்குப் பக்கத்து மேசை என்னுடையது. என் மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த காலத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர், இன்னும் உட்கார்ந்திருக்கிறார். என்னைவிட இளையவர் என்பதால் அக்கா என்பார். அவர் செய்த பல்லை வாயில் மாட்டிவிட்டால், எது கடவுள் கொடுத்தது, எது டோலெகென் கொடுத்தது என்று பல்லுக்குச் சொந்தக்காரருக்கே குழப்பம் வரும்.

அப்படிப்பட்ட மனிதருக்குத் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய பொருள் ஒன்றுகூட கிடையாது. தாய் சீக்கிரம் போய்விட்டாள். அக்கா கலாம்காஸ்தான் வளர்த்தாள். அக்கா புருஷனின் பழைய கோட்டுதான் இவருக்குக் கோட்டு. அக்கா வீட்டில் வேண்டாமென்று ஒதுக்கிய சோபாதான் கல்யாணத்துக்குச் சீர். மனைவி குல்ஜான் புதுப் போன் வாங்கினால், பழையது இவர் சட்டைப் பைக்கு வரும். இதையெல்லாம் குறையாகச் சொன்னதே இல்லை. அதுதான் எனக்குக் கோபம்.

ஒரு வருடம் பஸ் வழியை மாற்றித் தொலைத்தார்கள். இரண்டு பஸ் மாறி, நசுங்கி வந்து, கை நிதானத்துக்கு வரவே அவருக்கு ஒரு கோப்பைப் பால் டீ ஆகிவிடும். அந்த இலையுதிர் காலத்தில் ஒருநாள், ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“அக்கா, ஒரு சைக்கிள் வாங்கலாம்னு இருக்கேன். ரோட்ல ஓட்டுற சைக்கிள். ஒல்லி டயர், வளைஞ்ச ஹேண்டில் பார்.”

“உன் வயசுலயா? விழுந்தா பல்லு போயிடும்யா.”

“போனா என்ன, நாமளே செஞ்சு மாட்டிக்கலாம்.”

அன்றைக்குத் தொடங்கியது. குளிர்காலம் முழுக்க எங்களுக்கு மதியச் சாப்பாட்டோடு சைக்கிளும் சேர்ந்தே வந்தது. மனைவி ஒரு விலை சொல்லியிருந்தாள். அதற்கு மேல் ஒரு தெங்கே காசுகூடக் கூடாது என்று. அந்த விலைக்குள் எது நல்லது? இரும்பு ஃபிரேம் குலுக்காது, ஆனால் மேட்டில் கனக்கும். அலுமினியம் லேசு, விலையும் குறைவு, ஆனால் கை அதிரும். அதற்குக் கொஞ்சம் அகலமான டயர் போட்டால் சரியாகிவிடும். மழையில் கீழே இறங்க டிஸ்க் பிரேக் வேண்டும். சாப்பாட்டுப் பையை வைக்கக் கேரியர் வேண்டும்.

“மட்கார்டு மாட்ட ஓட்டை இல்லாத வண்டி வேலைக்குப் போறவனுக்கு இல்லக்கா. அது காட்டிக்கிறவனுக்கு.”

“நீயும் கொஞ்சம் காட்டிக்கோயேன், என்ன கெட்டுப்போச்சு?”

சிரித்துவிட்டு மறுபடியும் தொடங்குவார். எல்லாவற்றையும்விட அவருக்கு முக்கியம் கியர். பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல் என்று கேட்காமல் எந்த வண்டியையும் திரும்பிப் பார்க்கமாட்டார். பல் அதிகமிருந்தால்தான் மேட்டில் கால் வலிக்காமல் ஏறுமாம். “பல்லை எண்ணாம நான் ஒரு பொருளை வாங்குவேனா?” என்பார்.

ஃபிரேம் அளவுக்காக வீட்டில் சுவரோடு ஒட்டி நின்று, தொடைக்கு நடுவில் ஒரு தடித்த புத்தகத்தை இடுக்கிக்கொண்டு, குல்ஜானைப் பென்சிலால் கோடு போடச் சொன்னாராம். “வேற எந்த வீட்லயாவது புருஷன்காரன் இப்படி நிப்பானா அக்கா?” என்று அவள் எனக்குப் போன் செய்து அங்கலாய்த்தாள். ஆனால் குரலில் சந்தோஷம் இருந்தது. தன் வீட்டுக்காரர் ஒன்றை வேண்டும் என்று சொல்லி அவளும் அதுவரை கேட்டதில்லை.

பழைய வண்டி ஒன்று விளம்பரத்தில் வந்தது. பார்க்க நானும் போனேன். சொந்தக்காரன், தெருவில் இறங்கி ஓட்டிப் பாருங்கள், பறக்கும் என்றான்.

“கீழ தள்ளிவிட்டா கட்டில்கூட ஓடும். நான் மேல ஓட்டிப் பாக்கணும்” என்றார் டோலெகென்.

ஓட்டிப் பார்த்தார். பாதி மேட்டில் நின்றுவிட்டது. மரியாதையாகக் கைகுலுக்கிவிட்டு வந்துவிட்டோம். இப்படி எத்தனையோ வண்டிகள். எனக்கே அலுத்துப்போனது. பெண் பார்க்கப் போனவன்கூட இவ்வளவு பார்க்கமாட்டான் என்று திட்டினேன்.

பனி கரைந்து சாலையோர வாய்க்கால்களில் தண்ணீர் சத்தம் கேட்கத் தொடங்கிய சமயம், ரோதியோன் என்பவரின் கடையில் அது கிடைத்தது. போன வருடத்து மாடல் என்பதால் விலை குறைத்திருந்தார்கள். கரும்பச்சை. மட்கார்டுக்கு ஓட்டை இருந்தது. பல்லை இரண்டு தடவை எண்ணினார். பிறகு மேலே ஓட்டிக்கொண்டு போனார். வெகுநேரம் ஆளையே காணோம். ரோதியோன் தெருவுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

“உங்க ஆளு திரும்பி வருவாரா?”

“வருவாரு. அவருக்குத் திருடத் தெரியாது, கேக்கவே தெரியாது.”

வந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது. வண்டியிலிருந்து இறங்காமலேயே, ஹேண்டில் பாரைப் பிடித்தபடி, “ஏறுதுக்கா” என்றார். அந்த ஒரு சொல்லுக்காகக் குளிர்காலம் முழுக்க அவர் பேச்சைக் கேட்டது வீண் போகவில்லை என்று தோன்றியது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. எல்லோருக்கும் முன்னால் வந்து, வண்டியை மேசையிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் நிறுத்துவார். மதியம் ஒரு இறைச்சி சம்ஸா தின்கிறவர் இரண்டு தின்றார். வேலைக்கு நடுவே ஏதாவது பாட்டை முணுமுணுப்பார். சாயங்காலம் எங்கள் பஸ் மேட்டில் முக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து, ஜன்னலைப் பார்த்து ஒரு கையை ஆட்டிவிட்டு முந்திப் போவார். ஐம்பதை நெருங்குகிற ஆள். அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்குக் கூப்பிட்டார்கள். கசாக் வீடுகளில் ஒருவர் வாங்கிய புதுப் பொருளை முதல்முறை பார்க்கிறவர், ‘பைகாஸி’ என்று ஏதாவது கையில் கொடுக்க வேண்டும். நான் ஒரு பித்தளை மணி வாங்கிப் போனேன். கலாம்காஸ் அக்கா உள்ளங்கையை ஏந்தி நல்வாக்குச் சொன்னாள். ஹாலில் சுவரோடு சாய்த்து வைத்திருந்த வண்டியைச் சுற்றி எல்லோரும் நின்றோம். அப்புறம் எண்ணெயில் பொரித்த பவுர்சாக், இறைச்சி, டீ.

கலாம்காஸின் மகன் மிராஸ் தாமதமாக வந்தான். போன் கடையில் வேலை. வாசல் நிலை இடிக்கிற உயரம். நல்ல பையன்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். வந்தவன் வண்டியைப் பார்த்தான், மணியை அடித்தான், சிரித்துக்கொண்டே வந்து மாமன் தோளில் கை போட்டான்.

“மாமா, நான் உங்க ஜியென் இல்லையா? இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல. இதக் குடுங்க.”

ஜியென் என்றால் அக்கா தங்கை பிள்ளை. அவன் தாய்மாமனிடம் மூன்று தடவை எதைக் கேட்டாலும் மாமன் இல்லை என்று சொல்லக் கூடாது. குதிரையைக் கேட்டாலும் கொடுக்க வேண்டும். ஜியென் மனம் நொந்தால் மாமனுக்குக் கை நடுங்கும் என்பார்கள். பல் செய்கிற மனிதரிடம் கையைப் பற்றிய பயத்தைச் சொன்னால் எப்படி இருக்கும்?

ஆனால் டோலெகென் பயந்து கொடுக்கவில்லை. அவர் அக்காவைப் பார்த்தார், நான் கவனித்தேன். அக்கா மகனைப் பெருமையாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தம்பிக்கும் கொடுக்கிற அளவுக்கு ஒரு பொருள் வந்துவிட்டது என்கிற பெருமை அது. அந்தச் சிரிப்பு போய்விடக் கூடாது என்றுதான் கொடுத்தார். இதை எந்த வேதத்தின் மேலும் கை வைத்துச் சொல்வேன்.

“எடுத்துக்கோ ஜியென். நல்லா ஓட்டு” என்றார். குரல் கொஞ்சமும் மாறவில்லை.

குல்ஜான் கெட்டிலை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். கெட்டில் நிறைய டீ இருந்தது. நான் பின்னாலேயே போனேன்.

“ஏதாவது சொல்லுடி, கண்ணுக்கு முன்னாடி தூக்கிட்டுப் போறான். புதுசைப் பாத்தா குடுக்கணும்னுதானே உங்க வழக்கம்? இவன் பாத்ததும் எடுத்துக்கிறான்.”

“நீங்க சும்மா இருங்கக்கா. அவரே சிரிச்சிக்கிட்டு நிக்கிறாரு. நான் என்னத்தச் சொல்ல?”

மறுநாளிலிருந்து மறுபடியும் பஸ். வண்டியின் இடம் காலியாக இருந்தது. அங்கே யாரோ குப்பைத் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

மிராஸ் அதை ஓட்டினானா? அந்த ஃபிரேம் டோலெகென் உயரத்துக்குப் பென்சில் கோடு போட்டு வாங்கியது. இவன் உட்கார்ந்தால் முழங்கால் ஹேண்டில் பாரில் இடிக்கும். அவர்கள் வீட்டு பால்கனியில், உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்தில் நின்றது. டோலெகென் அங்கே போகும்போதெல்லாம் டயரை ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு வருவாராம். இதைக் குல்ஜான்தான் சொன்னாள்.

எனக்குத் தாங்கவில்லை. மிராஸுக்குப் போன் செய்தேன்.

“ஓட்டாத வண்டி உனக்கு எதுக்குடா?”

“அத்தை, நான் விளையாட்டாதான் கேட்டேன். ஜியென் கேக்கலேன்னா மாமாவுக்கு மதிப்பில்லன்னு எங்கப்பா சொல்லுவாரு. மாமாவும் ஏதாவது சொல்லிச் சிரிச்சிட்டு, வேற ஒண்ணு குடுப்பாருன்னு நெனச்சேன். பட்டுன்னு குடுத்துட்டாரு. எல்லாரும் கை தட்டிட்டாங்க. அப்புறம் எப்படி வேணாம்னு சொல்றது?”

“இப்பச் சொல்லு. கொண்டுபோய்க் குடு.”

கொண்டுவந்தான். வீட்டுக்குப் போகக் கூச்சப்பட்டு எங்கள் கூடத்து வாசலுக்கே உருட்டிக்கொண்டு வந்தான். டோலெகென் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். நான் ஜன்னலைத் திறந்து வைத்தேன். ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

“மாமா, எனக்கு இது சின்னது. நீங்களே வச்சுக்கோங்க.”

“குடுத்தத எப்படிப்பா திரும்ப வாங்குறது? அக்காவுக்குத் தெரிஞ்சா, தம்பி மனசில்லாம குடுத்தான்னு நெனைக்கமாட்டாங்களா?”

“அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்.”

“வேணாம். செயின்ல எண்ணெய் காஞ்சிருக்கு பாரு. எண்ணெய் போடு.”

மிராஸ் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். டோலெகென் அவன் முதுகைத் தட்டி அனுப்பினார். ஒருவர் கேட்டது தப்பென்று தவிக்கிறார், மற்றவர் திரும்ப வாங்குவது தப்பென்று தவிக்கிறார், வண்டி மட்டும் அந்த பால்கனிக்கே திரும்பிப் போகிறது. இதில் யாருக்கு லாபம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. குளிர்காலத்தில் மிராஸுக்குத் தொலைவில், அத்திராவ் நகரத்தில் வேலை கிடைத்தது. கிளம்பும்போது வண்டியை யாரோ சிநேகிதனுக்குக் கொடுத்துவிட்டுப் போனான்.

அடுத்த வசந்தத்தில் குல்ஜான் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, மறுபடியும் அதே தொகையைச் சேர்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க கூடப் போங்கக்கா. தனியா விட்டா வாங்காம வந்துடுவாரு” என்றாள்.

ரோதியோன் எங்களை அடையாளம் கண்டுகொண்டார். நடந்ததை நான் இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய், அதே மாடல், அதே அளவு, இந்தத் தடவை நீல நிறத்தில் உருட்டிக்கொண்டு வந்தார். விலையும் எங்களுக்காகக் கொஞ்சம் குறைத்துச் சொன்னார்.

டோலெகென் குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தார். ஹேண்டில் பாரைப் பிடித்தார். ஒரு நிமிடம் போன வருடத்து முகம் வந்தது. பிறகு கையை எடுத்துவிட்டார்.

“ரொம்ப அழகா இருக்கு” என்றார், ஏதோ குறை சொல்வது போல. “வேற இருக்கா? அந்த மூலையில நிக்குதே, அது?”

அது கத்தரிப்பூ நிறத்தில், முன்னால் கூடை வைத்த, கனமான இரும்பு வண்டி. கியரே கிடையாது. சீட்டில் ஒரு கிழிசல் வேறு.

“அது ஊருக்கு வெளியே தோட்ட வீட்டுல இருக்கிறவங்க பக்கத்துக் கடைக்குப் போறதுக்குங்க. ஒர்பிட்டாவுக்கெல்லாம் ஏறாது.”

“தெரியும். தள்ளிக்கிறேன்.”

நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். “உனக்குக் கிறுக்கா? ஒரு குளிர்காலம் பூரா பல்லு எண்ணினியே, அதெல்லாம் எங்க போச்சு? இத யாரு வாங்குவா?”

“அதாங்க்கா” என்றார். வாங்கிவிட்டார்.

திட்டித் தீர்த்தேன். குல்ஜான் அழுதாள். ஒன்றும் பலிக்கவில்லை. காலையில் கூடை நடுங்க நடுங்க இறங்கி வருகிறார். சாயங்காலம் எங்கள் பஸ் மேட்டில் ஏறும்போது, நடைபாதை ஓரமாக, சட்டை முதுகில் ஒட்டியிருக்க, அதைத் தள்ளிக்கொண்டு போகிறார். நான் ஜன்னலிலிருந்து கையாட்டினால் அவருக்கு ஆட்டக் கை ஒழிவதில்லை, தலையை மட்டும் அசைப்பார்.

போன வாரம் கூடத்துக்குள் மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தார். டீ ஊற்றிக் கொடுத்தேன். இத்தனை மாதமாகியும் எனக்கு ஆறவில்லை, அந்த நீல வண்டி இன்னும் கடையிலேயே இருக்கிறதாம், மாற்றிக்கொள்ளேன் என்றேன். அவர் சிரித்தார். ஒளிக்காத, நிஜமான சிரிப்பு.

“ஒரு வருஷமாகப் போகுதுக்கா. யாரும் இதக் கேக்கவே இல்ல.”