லாரிக்கு விட்ட இடம்

மலைமேல் வாசலூர்பட்டி படகுத்துறைக்குப் போகும் வழியில், மரவள்ளிக் காட்டுக்குள் மண்ணைத் தட்டிச் சமன் செய்த இடம் ஒன்று காலியாகக் கிடக்கிறது. காரை நிறுத்தி இறங்குகிறேன். பக்கத்தில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருக்கும் பெண் நேராக என்னிடம் வருகிறார்.

"ஏனுங்க, காரை எடுத்துருங்க. லாரி நிக்கிற இடமுங்க."

"உங்க காடுதானே? இங்கே கிழங்கு போடலையா?"

"போட்டதைப் பிஞ்சுலயே புடுங்கிட்டேனுங்க. நிக்க, திரும்ப இடமில்லாட்டி லாரிக்காரங்க வரமாட்டாங்க. போன வருசம் வரலை, புடுங்கிப் போட்ட கிழங்கெல்லாம் மூணே நாள்ல கருத்துப் போச்சு. டிரைவருங்களும் பாவமுங்க. கீழ பைபாஸ்ல நிறுத்துனா போலீசுக்காரங்க வெரட்டுறாங்களாம். இங்க தூங்கி எந்திரிச்சாத்தான் வண்டிய மலையில எறக்க முடியும்."

"லாரி எப்போ வரும்?"

"தெரியாதுங்க. வந்தா நிக்கோணுமில்ல."

சொல்லிவிட்டு அங்கேயே நிற்கிறார். நான் எடுக்கும்வரை நகரப்போவதில்லை. எடுக்கிறேன்.

ஏரியோரம் முழுக்கச் சுற்றுலாக் கார்கள். இடம் தேடி வந்த வழியே திரும்பி, அவர் காட்டையும் தாண்டிவிட்டேன். வளைவில் ஒரு காலி லாரி எதிரே ஏறி வருகிறது. ஒதுங்கி வழிவிடுகிறேன். ஓட்டுநரின் கண்கள் சிவந்திருக்கின்றன.