மெட்டு அடிவாரத்தில் பானட் திறந்தவள்

2001 மார்ச் 9: பழைய ஜிப்சி, ஏலத்தில். ரூ. 62,000
2001 ஜூன் 2: 1,300 சிசி இன்ஜின், இரட்டை கார்புரேட்டருடன். ரூ. 48,500
2004 மே 12: பிஸ்டன் ஓட்டை. கட்டி இழுத்து வந்த கூலி ரூ. 700
2004 ஜூன் 21: இன்ஜெக்சன் இன்ஜின், ஒயரிங், வேலைக் கூலி. ரூ. 39,700
2004 ஜூலை 3: இரண்டாவது கம்ப்யூட்டர் பெட்டி, பழையது. ரூ. 6,000

இவை ராயப்பன்பட்டி லூர்து மேரியின் வண்டிக் கணக்கில் ஐந்து வரிகள். நான் எதிர்வீட்டுக்காரன். அணை நீர்மட்டம் எழுதுகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் அந்தக் கணக்கும் என்னிடம் வந்து சேர்ந்தது. பிடிவாதத்தால் அவள் ஒரு இன்ஜினைக் கெடுத்தாள், பிறகு புத்தி வந்து மாற்றினாள் என்று ஊரில் சொல்கிறார்கள். அதில் பாதிதான் சரி.

மேரி பூ ஏற்றுகிறவள். சீலையம்பட்டி சந்தையில் விடிந்ததும் மல்லிகை மொட்டு எடுத்து, கம்பம் போய், கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறி, கேரளத்துக் கட்டப்பனையில் குரியாச்சன் கடையில் ஒன்பது மணிக்குள் இறக்க வேண்டும். மொட்டு விரியத் தொடங்கிவிட்டால் அங்கே கல்யாண வீட்டுக்காரர்கள் தொடமாட்டார்கள். குரியாச்சனுடைய ஆர்டர்தான் அவளுக்கு முழுப் பிழைப்பு. அவள் முன்பு ஓட்டிய வேன் பாரத்தோடு மெட்டு ஏறும்போது இரண்டாவது கியரை விட்டு மாறாது. மாதத்தில் நாலு நாளாவது ஒன்பது மணி தவறியது. அதனால்தான் ஜிப்சியை வாங்கி, அதில் பலமான இன்ஜின் ஒன்றை ஏற்றுவது என்று முடிவு செய்தாள்.

கம்பத்தில் பழைய வண்டிச் சாமான் விற்கும் இத்ரீஸிடம் இரண்டு இன்ஜின் இருந்தன. இரண்டும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே பலம். ஒன்றில் கோயம்புத்தூர்ப் பந்தயக்காரர் ஒருவர் மாட்டிய இரட்டை கார்புரேட்டர். மற்றதில் இன்ஜெக்சன். கார்புரேட்டருக்கு ஊரின் உயரம் தெரியாது. மேலே ஏற ஏறக் காற்று மெலியும், ஆனால் பெட்ரோல் அதே அளவுதான் விழும். அந்த அளவை முடிவு செய்வது ஜெட் என்கிற சிறு பித்தளைத் துளை. மலைக்குச் சின்ன ஜெட், சமவெளிக்குப் பெரிய ஜெட் என்று கையால் மாற்ற வேண்டும். இன்ஜெக்சன் காற்றைத் தானே அளந்து பெட்ரோலைத் தானே கூட்டிக் குறைக்கும். ஆனால் அதன் கம்ப்யூட்டர் பெட்டி நின்றுபோனால் மெட்டில் யாரும் கை வைக்க முடியாது.

இதையெல்லாம் பொறுமையாக விளக்கிவிட்டு இத்ரீஸ் கடைசியில் சொன்னான்: "மேரியக்கா, பொம்பளைக்கு இன்ஜெக்சன்தான் லாயக்கு. சாவியத் திருகுனாப் போதும். நடுரோட்டுல பானட்டத் தொறந்துக்கிட்டு நிக்க வேணாம், கையில கருப்பு ஒட்டாது."

"கூடை தூக்குற கைதான இது, ஒட்டட்டும். அந்த கார்புரேட்டர ஏத்து," என்றாள் மேரி.

மெக்கானிக் சுருளியாண்டி அவளுக்கு ஜெட் மாற்றக் கற்றுக் கொடுத்தார். மேல்மூடியைக் கழற்றி நான்கு ஜெட்டை எடுத்து வேறு நான்கைப் போட வேண்டும். வேளாங்கண்ணியில் வாங்கிய ஜெபமாலை டப்பாவில் அவற்றை வைத்துக்கொண்டாள்.

மெட்டு அடிவாரத்தில் டீக்கடை. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் நிற்கும் இடம் அது. மேரி தினமும் அங்கே நிறுத்தி, பானட்டைத் திறந்து, மலை ஜெட்டைப் போடுவாள். இறங்கி வரும்போது மறுபடி நிறுத்தி, சமவெளி ஜெட்டைப் போடுவாள். ஜீப் ஓட்டும் கர்ணன் முதல் வாரமே பெயர் வைத்துவிட்டான்.

"ஏலே, ஸ்டவ்வ அமத்துங்கடா. டாக்டரம்மா ஆப்பரேசன் ஆரம்பிச்சுட்டாக."

"ஆமாடா. அடுத்து ஒனக்குத்தான், படு," என்பாள், தலையை வெளியே எடுக்காமல்.

மூன்று வருடம் இப்படிப் போயிற்று. மெட்டில் அவளை எந்த ஜீப்பும் முந்தியதில்லை. குரியாச்சன் கடைக்கு ஒரு நாளும் பிந்தியதில்லை.

2004 மே 12, வீரபாண்டித் திருவிழா. கட்டப்பனையில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழி. கோயிலுக்கு இரண்டாவது லோடு சீலையம்பட்டியில் காத்திருந்தது. அடிவாரத்தில் திருவிழாவுக்குப் போகும் கூட்டம். இடம் பார்த்து வண்டியை மெதுவாக்கினாள். கர்ணன் கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்: "எல்லாரும் தள்ளி நில்லுங்க. டாக்டரம்மா வந்துட்டாக. டிக்கெட் ஒரு ரூவாதேன்."

கூட்டம் சிரித்தது. மேரி ஜன்னல் வழியே, "இன்னைக்கு ஷோ இல்ல, காசத் திருப்பிக் குடு," என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனாள். மலை ஜெட் மாட்டியபடியே இருந்தது.

சமவெளியின் கனத்த காற்றுக்கு அந்தப் பெட்ரோல் போதாது. மெதுவாகப் போயிருந்தால் தாங்கியிருக்கும். அவள் மெதுவாகப் போகவில்லை. உத்தமபாளையம் தாண்டியதும் இன்ஜின் கொதித்து, மூன்றாவது பிஸ்டனில் ஓட்டை விழுந்தது. சுருளியாண்டி அதைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை.

"யார் தப்பு?" என்று நான் கேட்டேன்.

"என் தப்புதேன் மாமா. அதுல என்ன சந்தேகம்?"

மறுநாள் காலை கட்டப்பனைக்குப் பூ போகவில்லை. குரியாச்சன் இரண்டு நாள் பொறுத்துவிட்டு, சின்னமனூர் மலைச்சாமியின் வேனுக்கு ஆர்டரைக் கொடுத்துவிட்டார்.

இத்ரீஸ் வந்தான். "அன்னைக்கே இன்ஜெக்சன்னு சொன்னேன்ல அக்கா?"

"சொன்ன. சொன்ன காரணம் தப்பு. இன்னைக்கும் அது தப்புதேன். விலையச் சொல்லு."

கர்ணனுக்குத்தான் இது பொறுக்கவில்லை. மூன்று வருடம் கேலி செய்தவன், அந்த கார்புரேட்டர் சத்தம் மெட்டில் கேட்காமல் போய்விடும் என்றதும் வீட்டுக்கே வந்துவிட்டான். "தோத்துட்டீகளே அக்கா. அங்கன அம்புட்டுப் பேரும் ஒங்க பக்கம் நிக்கிறோம். அந்தப் பெட்டி போச்சுன்னா மெட்டுல யாரு பாப்பா?"

"நீ சிரிச்சப்பயும் நான் ஒன்னையக் கேக்கல. இப்ப என் பக்கம் நிக்கிறப்பயும் கேக்கல. அன்னைக்கு இத்ரீஸ் வாயை அடைக்க கார்புரேட்டர எடுத்தேன். இன்னைக்கு ஒம்பது மணிக்காக இன்ஜெக்சன எடுக்குறேன். ரெண்டையும் எடுத்தது நான்தேன். காப்பி குடிச்சிட்டுப் போ."

ஆனால் பெட்டியைப் பற்றி அவன் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் கணக்கில் ஐந்தாவது வரி வந்தது. இன்னொரு பெட்டி வாங்கி, அதை மாட்டக் கற்றுக்கொண்டு, சீட்டுக்கு அடியில் வைத்தாள்.

இன்ஜெக்சனோடு, பூ இல்லாமல் சோதனையாக மெட்டு ஏறிய முதல் நாள் நானும் கூடப் போனேன். அடிவாரத்தில் ஜீப்காரர்கள் அத்தனை பேரும் ரோட்டோரம் வந்து நின்றார்கள், நிற்காமல் போகிறாளா என்று பார்க்க. மேரி வழக்கமான இடத்தில் நிறுத்தினாள். இறங்கிப் பானட்டைத் திறந்து, கம்பியை ஊன்றினாள். உள்ளே செய்ய எந்த வேலையும் இல்லை. டீ வாங்கி, திறந்த பானட்டுக்குப் பக்கத்தில் நின்று, அவர்களைப் பார்த்தபடி கடைசிச் சொட்டு வரை குடித்தாள். கிளாஸை வைத்துவிட்டு, பானட்டைச் சாத்திவிட்டு, மெட்டு ஏறினாள்.

"எதுக்கும்மா அது?" என்றேன்.

"நான் பயந்து ஓடுனதா அவனுக நெனைக்கக் கூடாதுல்ல மாமா."

வண்டி தயார். ஆர்டர்தான் இல்லை. ஜூலையில் அவள் சொல்ல நான் குரியாச்சனுக்கு எழுதினேன். இனிமேல் பிந்தாது, பழைய விலைக்கே வேண்டும் என்று இரண்டே வரி. கெஞ்சலாக ஒரு வார்த்தை சேர்க்கலாமா என்று கேட்டதற்கு, "பூவுக்குத்தான் தண்ணி தெளிக்கணும், காகிதத்துக்கு இல்ல," என்றாள். பதில் வந்தது: ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் கிலோவுக்கு மூன்று ரூபாய் குறைத்து. ஞாயிற்றுக்கிழமைக்குச் சம்மதம், குறைப்புக்கு இல்லை என்று திருப்பி எழுதச் சொன்னாள். மூன்று வாரம் பதிலே இல்லை. அந்த மூன்று வாரமும் உள்ளூர்க் கல்யாணங்களுக்குப் பூ ஏற்றினாள், செலவு குறைந்த டீசல் ஜீப்புக்குக்கூடக் கட்டாத வாடகைக்கு. பிறகு குரியாச்சன் ஞாயிறுகளைப் பழைய விலைக்கே கொடுத்தார்.

பன்னிரண்டு ஞாயிறு ஓட்டினாள். ஐப்பசி மழையில் மெட்டில் மண் சரிந்த ஞாயிறு அன்று, வேறு சுமையோடு வந்த மலைச்சாமியின் வேன் அடிவாரத்திலேயே நின்றுவிட்டது. மேரி குமுளி வழியாகச் சுற்றி, எட்டே முக்காலுக்கு இறக்கினாள். சுற்றுவழிக்குத் திரும்பும் முன்பும் அடிவாரத்தில் பானட்டைத் திறந்து டீ குடித்திருக்கிறாள். கர்ணன் என்னிடம் சொன்னான்.

மூன்றாவது கடிதத்தில் குரியாச்சன் தமிழில், தானே எழுதியிருந்தார்: வாரம் ஏழு நாளும் பழைய விலைக்கு. மேரி படித்துவிட்டு என்னிடம் நீட்டி, "தேதி போட்டு வையுங்க மாமா," என்றாள்.

அது வந்தது 2004 நவம்பர் 12, வெள்ளிக்கிழமை.