மூன்று தடவை கேட்கும் நிரல்

கொழும்பில் என் அலுவலக மேசையில், கணினித் திரைக்குக் கீழே ஒரு நீல நிற ஃப்ளொப்பி கிடக்கிறது. அதைப் போட்டுப் பார்க்க இன்று என்னிடம் கருவி இல்லை. பால்மா பக்கெட்டின் வெள்ளித்தாளில் சுற்றி வந்தது. அந்தத் தாளின் மடிப்புகூட இன்னும் கலையவில்லை. முன்பக்கத்தில் ஒட்டிய வெள்ளைத் துண்டில் அக்காவின் குண்டு குண்டான எழுத்தில் இரண்டு வரிகள்: ‘பார்த்தாச்சு.’ அதற்குக் கீழே, ‘அனுப்பியாச்சு.’ இந்த இரண்டாவது வரியைப் பார்க்கும்போதெல்லாம் இத்தனை வருஷம் கழித்தும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அக்கா என் உடன்பிறந்தவர் இல்லை. நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, படித்து, ஹட்டனில் ஒரு பலசரக்குக் கடையின் மாடியில் நடந்த கொம்பியூட்டர் வகுப்பில் சொல்லிக்கொடுக்க வந்தவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நான் வட்டவளையிலிருந்து காலை ரயிலில் போவேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அடுத்து என்ன செய்வதென்று சொல்ல வீட்டில் யாருக்கும் தெரியாததால் அந்த மாடிக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே இருந்தவை எல்லாம் கொழும்பு அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய இயந்திரங்கள். காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் அவற்றில் ஓடாது, வாங்கவும் வழியில்லை. அதனால் உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்த ஓர் இயங்குதளத்தைத்தான் அக்கா எல்லாவற்றிலும் ஏற்றியிருந்தார்.

யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம். ஆனால் திருத்தியதை நாமே உள்ளே வைத்துவிட முடியாது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பராமரிப்பாளர் உண்டு. திருத்தத்தை மின்னஞ்சலில் அவருக்கு அனுப்ப வேண்டும். அவர் பார்த்து, ஒத்துக்கொண்டால், எழுதியவரின் பெயரோடு அது உள்ளே போகும். அடுத்த வெளியீட்டில் உலகத்தில் உள்ள எல்லா இயந்திரங்களுக்கும் போய்ச் சேரும். அக்கா அப்படி இரண்டு சின்னத் திருத்தங்களை அனுப்பியிருந்தார். இரண்டுக்கும் மறுநாளே பதில் வந்தது, இரண்டும் உள்ளே போயின. ஏதோ ஒரு குளிர்நாட்டில் இருந்த அந்தப் பராமரிப்பாளர் அன்றிலிருந்து அக்காவுக்குத் தோட்டத்துத் துரை மாதிரி ஆகிவிட்டார். நல்ல துரை. எல்லாவற்றையும் பார்க்கிற துரை.

அதற்குப் பிறகு மலையில் எங்களைப் போல நாலைந்து பேர் செய்த வேலையெல்லாம் அக்கா வழியாகத்தான் போயிற்று. அவர் வாங்கி, வரி வரியாகப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, பிழை களைந்து, தனித்தனியாகப் பிரித்து அனுப்புவார். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு தேவையில்லாத இடைவெளி இருந்தால்கூட ஃப்ளொப்பி திரும்பி வந்துவிடும். நான் ஒருமுறை இரண்டு வேலைகளை ஒரே திருத்தத்தில் திணித்துக் கொண்டுபோனேன். “ஏன்டா தம்பி, கொழுந்துக்குள்ள முத்தல் எலையப் போட்டு அமுக்கிக் கொண்டாந்தா தராசுல வைக்க விடுவாங்களா? போ, பொறுக்கிட்டு வா” என்றார். பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். அவன்தான் மச்சான்.

மச்சான் என்பதும் உறவுமுறை இல்லை, ஒரே வயது என்பதால் வந்த கூப்பாடு. நல்லதண்ணிக்காரன். யாத்திரைக்காரர்கள் மலை ஏறுகிற சீசனில் அடிவாரத்துக் கடை ஒன்றில் ரேடியோ, டெலிபோன் ரிப்பேர் பார்ப்பான். சீசன் இல்லாதபோது கிடைத்த வேலை. அவன் படித்த பள்ளிக்கூடத்தில் உயர்தரக் கணிதம் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் இல்லை. அதனால் வர்த்தகம் படித்து, அதையும் அரைகுறையாக விட்டவன். கடையின் பின்பக்கம் பழைய பாகங்களைச் சேர்த்து ஓர் இயந்திரம் கட்டி வைத்திருந்தான். எழுதியதை ஃப்ளொப்பியில் ஏற்றி, மழையில் நனையாமல் வெள்ளித்தாளில் சுற்றி, ஹட்டன் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவான். கண்டக்டர் அதைப் பாட்டு கேசட் என்றே நம்பியிருந்தார். “நங்கீ, மென்ன ஒயாகே கெசட் எக்க!” என்று கீழே தெருவில் இருந்து சிங்களத்தில் கத்துவார், தங்கச்சி, இந்தா உன் கேசட் என்று. அக்கா மாடிப்படி இறங்கி ஓடுவார்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் எல்லோரும் வாங்கிய மலிவான மோடம் ஒன்று இருந்தது. கொழும்பில் ஒழுங்காக வேலை செய்யும், மலையில் செய்யாது. காரணத்தைக் கண்டுபிடித்தவன் மச்சான். சீசன் கடைகளில் எல்லா விளக்கும் எரியும்போது, அல்லது தோட்டத்துப் பெக்டரியில் மெஷின்கள் ஓடத் தொடங்கும்போது, மின்சாரம் சோர்ந்துபோகும். சோர்ந்த மின்சாரத்தில் அந்த மோடம் விழித்துக்கொள்ளக் கொஞ்சம் நேரம் எடுக்கும். இயங்குதளமோ ‘இருக்கிறாயா?’ என்று ஒரே ஒரு தடவை கேட்கும். பதில் வராவிட்டால் இங்கே மோடமே இல்லை என்று முடிவு கட்டிவிடும். மச்சான் எழுதியது அவ்வளவுதான்: பதில் இல்லையென்றால் சற்றுப் பொறு, மறுபடி கேள், அதற்கும் இல்லையென்றால் இன்னும் ஒரு தடவை கேள். மூன்று தடவை கேட்ட பிறகு வேண்டுமானால் இல்லையென்று சொல்லு.

அதைச் சோதிக்க மின்சாரம் சோர்ந்துபோக வேண்டுமே. வகுப்பிலிருந்த எல்லா இயந்திரங்களையும் போட்டோம். தண்ணீர் கொதிக்கும் கேத்தலைப் போட்டோம். கீழ்க்கடைக்குப் பக்கத்துத் தையல்காரரிடம் கெஞ்சி அவருடைய அயர்ன் பெட்டியையும் வாங்கிவந்து போட்டோம். விளக்கு மஞ்சளாகிச் சுருங்கியது. முதல் தடவை பதில் இல்லை. இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவதில் மோடம் கீச்சென்று கத்தியதும் அக்கா கை தட்டினார்.

“இது நம்ம தோட்டத்து மோடம்க்கா,” என்றான் மச்சான். “பெரட்டுக்கு ஒரு கொம்பு ஊதுனா எந்திரிக்காது.” விடிகாலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் எங்கள் எல்லோருடைய தாய் தகப்பனும் நின்றவர்கள்தான். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சிரித்தாலும் மச்சானுக்கு அது விளையாட்டு இல்லை. கொழும்பில் ஒரு கம்பனிக்கு அவன் வேலை கேட்டு எழுதியிருந்தான். சான்றிதழ் ஒன்றும் இல்லை என்பதையும் மறைக்காமல் எழுதியிருந்தான். அதன் மேலாளர் நல்ல மனிதராக இருக்க வேண்டும், பதில் போட்டிருந்தார். அந்த இயங்குதளத்தில் உன் பெயரில் ஒரு திருத்தம் உள்ளே போகட்டும், அதுவே எனக்குச் சான்றிதழ், அடுத்த வெளியீடு வந்ததும் ஆள் எடுக்கிறோம், வா என்று. மச்சான் அந்தப் பதிலை அச்செடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தான். சீசன் முடியப்போகிறது, கடைக்காரர் பெட்டியைக் கட்டப்போகிறார். அதற்குப் பிறகு அவனுக்கு ஒன்றுமில்லை.

அக்கா வழக்கம்போல வரி வரியாகப் பார்த்தார். இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். மூன்றாவது தடவை வந்ததுதான் இந்த நீல ஃப்ளொப்பி. ‘பார்த்தாச்சு’ என்று எழுதினார். அன்றைக்கே மச்சானின் பெயரைப் போட்டுப் பராமரிப்பாளருக்கு அனுப்பிவிட்டு, ‘அனுப்பியாச்சு’ என்றும் எழுதினார். வெளியீட்டுக்குப் புதிய திருத்தங்களை வாங்கும் வாசல் இன்னும் சில வாரம் திறந்திருந்தது. நிறையவே நேரம் இருந்தது.

மறுநாள் பதில் வரவில்லை. அந்த வாரமும் வரவில்லை. மூன்றாம் வாரம் தொடங்கியதும் நான் அக்காவிடம் போனேன். அவர் பனிஸைப் பிளேன்டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

“அக்கா, இன்னொரு தடவ அனுப்புவோம்.”

“எதுக்கு? போய்ச் சேந்துருச்சு. தப்பா இருந்தா திரும்பி வந்துருக்குமே.”

“போயிருக்கும்க்கா. ஆனா பாத்தாரான்னு தெரியாதே.”

“அவரு பாக்காம இருப்பாரா? என்னோடத மறுநாளே பாத்தாரு. யோசிக்கிறாரு போல. பெரிய ஆளுங்கள நச்சரிக்கக் கூடாதுடா தம்பி. நல்லா வர்ற காரியத்த நாமளே கெடுத்துக்குவோம்.”

“சும்மா, பாத்தீங்களான்னு ஒரு வரி...”

“நீ சும்மா இரு. எனக்குத் தெரியும்.”

அவருக்கு எங்கிருந்து தெரியும் என்பது எனக்கும் தெரியும். அவருடைய அப்பா லயத்துக் கூரைக்குத் தகரம் கேட்டுத் தோட்டத்து ஆபீசில் எழுதிக் கொடுத்தவர். மழைக்காலம் தொடங்கியும் தகரம் வரவில்லையென்று சின்ன வயது அக்காவையும் கையில் பிடித்துக்கொண்டு இரண்டாம் தடவை போய்ப் படிக்குக் கீழே நின்றிருக்கிறார். “ஒருக்கா சொன்னா வெளங்காதா? கூப்புட்டா வா. போ!” என்று கிளாக்கர் கத்தியிருக்கிறார். அந்த வருஷம் பக்கத்து வீட்டுக்குத் தகரம் வந்தது, அவர்களுக்கு வரவில்லை. மறுபடி கேட்டதால்தான் வரவில்லை என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். கேட்டுவிட்டுச் சத்தம் போடாமல் நிற்பதுதான் மரியாதை, அதுதான் தந்திரமும்கூட. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். தோட்டத்தில் அது உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் குளிர்நாட்டில் இருந்தவனுக்கு அக்காவின் அப்பாவைத் தெரியாது, தகரத்தைத் தெரியாது. அவன் முன்னால் மலை மாதிரி மின்னஞ்சல் குவிந்து கிடந்தது. யார் மறுபடி கூப்பிட்டார்களோ அவர்களை மட்டும்தான் அவனால் பார்க்க முடிந்தது.

நானே அனுப்புகிறேன் என்றேன். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. “ஒரு வாசல்லதான் போகணும். ஆளாளுக்கு எழுதுனா நம்ம எல்லாரையும் சேத்து ஒதுக்கிருவாங்க” என்றார். மச்சானும் அக்கா பக்கம்தான் நின்றான். “அக்காவுக்குத் தெரியாததா மச்சான்? விடு.”

வாசல் மூடியது. வெளியீடு வந்த அன்று நாங்கள் மூவரும் ஒரே திரையில் குனிந்து பார்த்தோம். மோடத்துக்கான திருத்தம் அதில் இருந்தது. மூன்று தடவை கேட்கும் அதே யோசனை. பெயர்தான் வேறு. எந்த நாட்டுக்காரனோ, அவனுக்கும் அதே கோளாறு வந்திருக்கிறது. அனுப்பும் திருத்தங்களின் நகல்கள் எல்லோரும் பார்க்கும்படி சேரும் பொதுமடல்களைத் தோண்டிப் பார்த்தோம். மச்சானுடையது போய்ச் சேர்ந்த பிறகுதான் அவன் தன்னுடையதை முதன்முதலில் அனுப்பியிருந்தான். பதில் இல்லை. மறுவாரம் மறுபடி அனுப்பியிருந்தான். அதற்கும் பதில் இல்லை. பிறகு, ‘இதை யாராவது பார்க்கிறீர்களா, இல்லையா?’ என்று மூன்றாவது. அதற்கு அன்றைக்கே பராமரிப்பாளர் ‘மன்னிக்கவும், எடுத்துக்கொண்டேன்’ என்று எழுதியிருந்தார்.

“என்ன திமிரா எழுதியிருக்கான் பாரு,” என்றார் அக்கா. உண்மையாகவே அதிர்ந்துபோயிருந்தார். அவ்வளவு மரியாதைக் குறைவாக எழுதியும் ஒருவனுக்குக் கதவு திறக்கும் என்பதை அவரால் நம்பவே முடியவில்லை.

சில நாளில் பராமரிப்பாளரிடமிருந்து அக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது. வேறெதையோ தேடும்போது எங்களுடையது கண்ணில் பட்டதாம். உங்கள் திருத்தம் இதைவிடச் சுத்தமாக இருக்கிறது, என் பெட்டியில் புதைந்துபோயிற்று, ஏன் மறுபடி அனுப்பவில்லை? என்று கேட்டிருந்தார். கோபமில்லை, கிண்டலில்லை. அந்த மனிதர் உண்மையாகவே புரியாமல் கேட்டிருந்தார். அக்கா அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

கம்பனி மேலாளர் சொன்ன சொல் மாறவில்லை. பெயரைக் காட்டு என்றார், காட்டப் பெயரில்லை. அக்கா நடந்ததை எழுதித் தருகிறேன் என்றார். மச்சான் வேண்டாமென்றான். சீசன் கடைசி பஸ்ஸில் பையோடு ஹட்டனுக்கு வந்து, மாடியேறி, கதவோரம் நின்றான்.

“கொழும்பு புறக்கோட்டையில ஒரு புடவைக்கடையில ஆள் கேட்டாங்க. போறேன்க்கா.”

“கொஞ்ச நாள் பொறுடா தம்பி. அடுத்த வெளியீட்டுக்கு வேற ஒண்ணு...”

அவன் சிரித்தான். “என் புரோகிராம் மூணு தடவ கேக்கும்க்கா. நீங்கதான வரி வரியாப் பாத்தீங்க?”

அவன் இறங்கிப் போனான். இன்றும் அதே கடையில்தான் இருக்கிறான். இப்போது கல்லாவில் உட்காருகிறான். போனால் நல்லவிதமாகப் பேசி, சேலை விலையில் கழிவும் போட்டுத் தருகிறான். இயந்திரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் தேத்தண்ணி வரவழைக்கிறான்.

காலம் என்னை அந்தப் பக்கத்துக்கே கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டது. அதே இயங்குதளத்தின் ஒரு சிறு பகுதிக்கு வரும் திருத்தங்களைச் சேர்த்து, பிரித்து, மேலே அனுப்புவது இப்போது என் வேலைகளில் ஒன்று. அந்தக் குளிர்நாட்டுக்காரர் மேல் எனக்கிருந்த பாதிக் கோபம் முதல் மாதத்திலேயே போய்விட்டது; கடிதங்கள் உண்மையாகவே புதைந்துபோகின்றன. மீதிக் கோபத்தை எங்கே வைப்பதென்றுதான் தெரியவில்லை. ‘பதில் வராவிட்டால் தயங்காமல் மறுபடி அனுப்புங்கள்’ என்று விதிமுறையில் முதல் வரியாக எழுதி வைத்திருக்கிறேன். தயங்காதவர்களுக்கு அந்த வரி தேவையே இல்லை. தயங்குகிறவர்கள் அதைப் படித்துவிட்டும் தயங்குகிறார்கள். ஒரே ஒரு தடவை, வணக்கம் போட்டு, நன்றி போட்டு, தொந்தரவுக்கு மன்னிப்பும் கேட்டு எழுதிவிட்டு எங்கோ படிக்குக் கீழே நிற்கிறார்கள். அவர்களைத் தேடித் தோண்டுகிறேன். எல்லோரையும் எடுத்துவிட முடிவதில்லை.

போன மாதம் ஹட்டனுக்குப் போனபோது அக்காவைப் பார்த்தேன். வீட்டுக் காணிக்கு உறுதிப் பத்திரம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாராம். கொடுத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

“போய்க் கேட்டீங்களாக்கா?”

“குடுத்துருக்கேன்ல. வரும். அவங்களுக்கும் ஆயிரம் வேல.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் பிளேன்டீ கோப்பையை டொக்கென்று வைத்துவிட்டேன். “நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன், வாங்க!”

“கத்தாதடா,” என்றார் மெதுவாக. பிறகு உள்ளே போய், ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து, வெள்ளித்தாளில் சுற்றிய இந்த ஃப்ளொப்பியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். “இத நீ வச்சுக்க. எனக்குப் பாக்க முடியல.” மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் போய் நின்றபோது வீடு பூட்டியிருந்தது. வேறு வேலையாகப் போய்விட்டாராம்.

ஃப்ளொப்பி என் மேசையில் கிடக்கிறது. பார்த்தாச்சு. அனுப்பியாச்சு. அதற்குக் கீழே அந்த வெள்ளைத் துண்டில் ஒரு விரல் அகலத்துக்கு இடம் மிச்சம் இருக்கிறது. அக்காவின் குண்டு எழுத்திலேயே இன்னும் ஒரு வரி தாராளமாக எழுதியிருக்கலாம்.