முந்நூறு அடி நகர்ந்த கல்

மைல்கல்லுக்கு எழுத்து எழுதுகிற வேலையில் ஒரு சௌகரியம் உண்டு: எழுதியதை யாரும் இரண்டாம் தரம் படிப்பதில்லை. படித்தவர் காதர் பாய் ஒருவர்தான். கடைசியாக அவரை உயிரோடு பார்த்த அன்றும், தம் டீக்கடை முன்னிருந்த கல்லருகே குத்தவைத்து, 'ராஜபாளையம் 5' என்பதன் மேல் படிந்த புழுதியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். ரோட்டோரம் வெயிலில் காய்ந்து வயிறு வளர்த்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இராது.

மஞ்சள் தலை

ஸ்ரீவில்லிபுத்தூர் - ராஜபாளையம் ரோடு மாநிலத்துக்குச் சொந்தமாக இருந்தவரை கற்களின் தலை பச்சை. தேசிய நெடுஞ்சாலை ஆனதும் மஞ்சள் அடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. குழிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. தேசியம் முதலில் என் பெயிண்ட் வாளியில்தான் வந்து சேர்ந்தது. அப்போது உயிரோடிருந்த என் மனைவி, மஞ்சள் கறை போகாத சட்டைகளை அரசாங்கத்துக்கே அனுப்பிவிடலாம் என்றாள்.

பாயின் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கேரளத்துக்கு நூலும் சிமெண்டும் ஏற்றிப்போகும் லாரிக்காரர்களுக்கு அது அஞ்சாம் கல் கடை, அவ்வளவுதான். நான் மஞ்சள் அடிப்பதைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "இனி நம்ம கடை டெல்லிக்காரவுக ரோட்டுல இருக்கு அண்ணாச்சி. டீ மட்டும் பழைய டீதான்."

கல்லுக்கு மாலை

ஆயுத பூஜை அன்று சாலைப் பணியாளர்கள் மைல்கல்லைக் கழுவி, சந்தனம் பூசி, மாலை போட்டுக் கும்பிடுவார்கள். எங்கள் மேஸ்திரி இதற்கு வருஷா வருஷம் அஞ்சாம் கல்லைத்தான் தேர்ந்தெடுப்பார். பொரிகடலை எங்களுடையது, டீ பாயுடையது.

ஒரு வருஷம் கேரள லாரி டிரைவர் ஒருவர் வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு, கல்லை மூன்று முறை சுற்றி வந்தார். பிறகுதான் இது என்ன சாமி என்று கேட்டார். மேஸ்திரி அவர் கையில் பொரியைக் கொடுத்தார். "சாமியெல்லாம் இல்லண்ணே, எங்களுக்குச் சோறு போடுற கல்லு. கும்பிட்டுட்டீக, பரவாயில்ல, வச்சுக்கோங்க."

சிவப்புக் கோடு

ரோட்டை அகலப்படுத்த வந்தபோது பாயின் கடைச் சுவரில் இடிக்க வேண்டிய அளவை எழுதியவன் நான்தான். சிவப்பில் எழுதினேன். கோணாமல் எழுதியிருக்கிறேன் என்று பாய் பாராட்டினார்.

சுந்தரபாண்டியத்து விவசாயி ஒருவர் ரோட்டோர நிலத்தில் ஒரு துண்டை வாடகைக்குக் கொடுக்க, பழைய இடத்திலிருந்து ராஜபாளையம் பக்கமாக முந்நூறு அடி தள்ளி பாய் கொட்டகை போட்டார். பாலை விடிய விடியக் காய்ச்சி வைத்தார். ஒரு லாரிகூட நிற்கவில்லை. டிரைவர்கள் கல்லைத் தேடினார்கள், கல்லோ வேலைக்காகப் பிடுங்கப்பட்டு ஓரத்தில் கிடந்தது. ஒரு மாதம் பார்த்தார். இன்னொரு மாதம் இப்படியே போனால் கடையை மூடிவிட்டு மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் போய் நிற்க வேண்டியதுதான் என்று மேஸ்திரியிடம் சொன்னார். உதவி எதுவும் கேட்கவில்லை.

கல்லைத் திரும்ப நட்ட நாளில் யாரும் டேப் பிடிக்கவில்லை. நான்கு பேர் தூக்கினார்கள், நான் காரை குழைத்தேன், கல் புதுக் கொட்டகை முன்னால் நின்றது. மறுநாளே இரண்டு லாரி நின்றது. அடுத்த வாரம் ஜீப்பில் வந்த இன்ஜினியர், கல் முன்பு பாலத்தை ஒட்டி அல்லவா இருந்தது என்று கேட்டார். மேஸ்திரி கண்ணிமைக்காமல் சொன்னார்: "ரோடு அகலமாச்சுல்ல சார், செத்த தள்ளி வந்துருச்சு."

நல்ல ரோடு

இன்ஜினியர் டீ குடித்துவிட்டுப் போனார். இடித்த கடையைக் கல் காப்பாற்றிக் கொடுத்தது. ஆனால் ரோடு நன்றாகிவிட்டால் என்ன செய்வது என்று எங்களில் யாரும் யோசிக்கவில்லை. தார் வழவழப்பானது. லாரிகள் தென்காசியில் போய்த்தான் மூச்சு விட்டன. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா சூடு ஆறுவதற்குள் வெளியூர் போனது. பாயின் டீ மட்டும் கடையிலேயே ஆறியது.

முன்பு வழக்கமாக நிற்கிற டிரைவர் ஒருவர் ஒருநாள் டயர் பார்க்க இறங்கினார். ஏன் இப்போதெல்லாம் நிற்பதில்லை என்று பாய் கேட்டார். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். "முன்னெல்லாம் குழியில விழுந்து விழுந்து இடுப்பு போயிரும், எறங்கி ஒரு டீ குடிப்பேன். இப்ப இடுப்பு வலிக்கல பாய்."

கடைசியாகப் பார்த்த அன்று, துடைத்து முடித்துவிட்டு பாய் எழுந்தார், எனக்கு ஒரு டீ போட்டார். அன்றைக்கு அது முதல் டீயா என்று நான் கேட்கவில்லை. அவர் கல்லைக் காட்டினார். "எழுத்து மங்குது அண்ணாச்சி. வர்ற மாசம் ஒரு கை போட்டுருங்க, கடை இருக்குன்னு தெரியட்டும்."

அடுத்த மாதம் நான் எழுதினேன். கடையும் இல்லை, அவரும் இல்லை, ஐந்தாம் கல்லைத் தாண்டிப் போனால் ராஜபாளையத்துக்கு நான்காம் கல் மட்டும் இன்றுவரை முந்நூறு அடி முன்னதாகவே வந்துவிடுகிறது.